எக்ஸெல்லில் மைலேஜ் கணக்கு: சேமிப்பு எவ்வளவு? ஆபத்து எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், "எக்ஸெல்லில் வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். உங்கள் பைக்கின் மைலேஜ் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

கணக்கு போடும் முறை

1. முதல் வரிசையில் தேதி, ஓடிய தூரம், பெட்ரோல் (லிட்டர்), மைலேஜ், குறிப்பு என ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

2. டேங்கை நிரப்பி ஓடோமீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே அளவுக்கு நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தையும், இரண்டாம் முறை பிடித்த பெட்ரோலையும் எழுதுங்கள்.

3. மைலேஜ் செல்லில் = குறியை டைப் செய்து, தூரம் உள்ள செல்லைக் க்ளிக் செய்யுங்கள். பிறகு / குறியை டைப் செய்து, பெட்ரோல் உள்ள செல்லைக் க்ளிக் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். 210 கி.மீ., 4.2 லிட்டர் என்றால் 50 என விடை வரும்.

4. அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். ஃபார்முலா மற்ற வரிசைகளுக்கும் வந்துவிடும்.

குறிப்பு வரிசை சொன்ன கதை

திருநாவலூரில் இருந்தபடி நானும் இப்படித்தான் கணக்கு வைத்தேன். மைலேஜை ஏற்றும் ஆசையில் இறக்கத்தில் நியூட்ரல் போடுவது, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் காற்றை மறைக்கும் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போவது என எல்லா வித்தையும் செய்தேன். 50 என்பது 53 ஆனது. குறிப்பு வரிசையில் பெருமையாக எழுதி வைத்தேன்.

ஒருநாள் கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் நோக்கி நியூட்ரலில் இறங்கினேன். வேகத்தை அடக்க முழு நேரமும் பிரேக்கைப் பிடித்ததால் அது சூடேறிவிட்டது. வளைவில் எதிரே பஸ். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. கியருக்கு மாற்றவும் நேரமில்லை. மண் ஓரத்தில் சரிந்து விழுந்தேன். சிராய்ப்போடு தப்பினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். மாதம் 600 கி.மீ. ஓட்டினால் 50 மைலேஜுக்கு 12 லிட்டர். 53-க்கு சுமார் 11.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 70 ரூபாய்கூட இல்லை!

வண்டிக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்பனையான பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதை இயக்குவது இ.சி.யூ. என்ற சிறு கம்ப்யூட்டர். கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு இறங்கும்போது, பொதுவாக அது பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்ற வைக்கும், வேகமும் அடங்கும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் என்பது நஷ்டம்தான். கார்புரேட்டர் வண்டியில் சிறிது மிச்சமாகலாம், ஆபத்து அதேதான். காரில் இன்ஜினையே அணைத்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும்.

லாரிக்குப் பின்னால்

ஒரு செல்லில் 60 என வேகத்தை டைப் செய்யுங்கள். பக்கத்துச் செல்லில் = போட்டு, அந்தச் செல்லைக் க்ளிக் செய்து, /3.6 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். சுமார் 16.67 என வரும். அதாவது ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். 5 மீட்டர் இடைவெளியில் லாரி திடீரென நின்றால், உங்கள் கை பிரேக்குக்குப் போகுமுன் மோதிவிடுவீர்கள். 60-ஐ 80 என மாற்றி விடையைப் பாருங்கள்.

ஆபத்தில்லாத சேமிப்பு

பெட்ரோலியச் சேமிப்புக்கான அரசு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. சொல்வது மணிக்கு 45 முதல் 55 கி.மீ. சீரான வேகம். டயரில் நிறுவனம் குறிப்பிட்ட அளவு காற்று வையுங்கள். கூடுதலாக அடித்தால் பிடிமானம் குறையும். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணையுங்கள். முன்னால் தூரமாகப் பார்த்து ஓட்டினால் திடீர் பிரேக்கே தேவைப்படாது.

இவற்றை மட்டும் கடைப்பிடித்து மூன்று முறை டேங்க் நிரப்பிய கணக்கைப் போட்டேன். 52-க்குக் குறையவில்லை. நீங்களும் இந்த மாதமே ஆரம்பியுங்கள். புதிதாக எந்த வித்தையைக் கேள்விப்பட்டாலும் அதனால் மிச்சமாகும் ரூபாயை முதலில் எக்ஸெல்லில் போட்டுப் பாருங்கள். அந்த ரூபாய்க்கு என்ன பணயம் வைக்கிறீர்கள் என்பதைக் குறிப்பு வரிசையில் எழுதுங்கள். அதன்பிறகு சாவியை எடுங்கள்.