சரக்கு நிறையுமுன் கடை திறப்போம்

வியாபாரச் சகோதரர்களே!

சிராங்கூன் சாலையில் எல்லாச் சரக்கும் வந்து சேர்ந்த பிறகா கடை திறக்கிறோம்? பாதி அலமாரி காலியாக இருக்கும்போதே பிஸ்மி சொல்லித் திறந்து விடுகிறோம். ஆனால் இணையத்தில் நாலு வரி எழுது, ஒரு காணொளி எடுத்துப் போடு என்றால், “இன்னும் சரியாக வரவில்லை” என்கிறோம்.

நானும் அப்படித்தான். என் மாமா சேஞ்ச் அலியில் நோட்டு மாற்றும் கடை வைத்திருந்தவர். விரலால் தடவியே கள்ள நோட்டைச் சொல்லி விடுவார். அதை அவர் வாயாலேயே பதிந்து வைக்க ஆசைப்பட்டேன். வெளிச்சம் போதாது, என் பேச்சு சுத்தமில்லை, நல்ல கேமரா வரட்டும் என்று இரண்டு வருஷம் போயிற்று. கேமரா வந்தது, மாமா வபாத்தாகி விட்டார்கள்.

மகுதூம் சாயபு 1887-ம் வருஷம் இவ்வூரில் ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1890 வரைதான் நடந்தது. ஆனாலும் இன்றும் அதைப் பேசுகிறோம். யூடியூபில் ஏறிய முதல் காணொளியும் (2005 ஏப்ரல் 23) 19 விநாடிதான். ஜாவேத் கரீம் என்பவர் யானைகளின் முன் நின்று, துதிக்கை நீளம் என்கிறார். அவ்வளவே!

நேற்று வாடிக்கைக்காரர் கேட்ட ஒரு கேள்விக்கு இரண்டு நிமிஷம் பதில் பேசுங்கள். பெயர், விலை, தேதி தப்பானால் திருத்துங்கள். அதில் சலுகை கிடையாது. நாக்குத் தடுமாறியதை விட்டு விடுங்கள்.

போன வாரம் மாமியைப் பேச வைத்துப் பதிந்தேன். நடுவில் லாரி ஹாரன் வேறு. சொல்ல இன்னும் நிறைய இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மறுபடி போகிறேன்.