தேக்காவிலிருந்து இரண்டு நிறுத்தம்

மருத்துவம் முடித்துவிட்டுப் பொதுவாழ்க்கைக்கும் வர நினைக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாற்பது வருஷம் கிளினிக் நடத்தியவன் சொல்கிறேன்.

1. தேக்காவில், லிட்டில் இந்தியா நிலையத்தில் எம்ஆர்டி ஏறினால் ஃபேரர் பார்க், அடுத்தது பூன் கெங். அந்தப் பெயருக்குரியவரைத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டர் லிம் பூன் கெங் 1869இல் பிறந்தவர். எடின்பரோவில் படித்து 1893இல் ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தார். 1895இல் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர்.

2. எடின்பரோவில் சீனாவிலிருந்து வந்த மாணவர்கள் அவரை ஒதுக்கினார்கள். அவருக்குச் சீனம் சரியாக வராது. வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாமல் கற்றுக்கொண்டார். மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு நோயாளியிடம் பேசும் தமிழ் ‘வலிக்குதா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. குத்துகிறதா, கடுக்கிறதா, பிசைகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் நாம் தேடவேண்டிய இடம் வேறு.

3. மருந்துச் சீட்டுக்குள் அடங்காத நோயைக் கண்டால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். லிம் பூன் கெங் காலத்துக் கூலிகளை அபின் தின்றது. அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அதே அபினிலிருந்துதான் வந்தது. 1906இல் அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்தவர்களில் அவர் ஒருவர். அடிமைப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்கும் வழி செய்தார்கள்.

என்னிடம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கட்டுமான ஊழியர் ஒருவர் வந்தார். கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே தயங்கினார். சிமெண்ட் அரித்து விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. “களிம்பு போதும் டாக்டர், எம்சி வேண்டாம். ஓவர்டைம் போயிடும்.” களிம்பு எழுதிக் கொடுத்தேன். கையுறையைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அடுத்த மாதமும் அதே கையோடு வந்தார். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

4. சொந்த ஜனங்களே திட்டுவார்கள். சீன ஆண்கள் பின்னிய நீண்ட சடையை வெட்டச் சொன்னதற்கு லிம் பூன் கெங்கைத் திட்டினார்கள். அவர் அதற்காக ஓய்ந்துவிடவில்லை. 1899இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது இன்றும் நடக்கிறது.

5. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர் அவரை மிரட்டிச் சீனர் சங்கத்துக்குத் தலைவராக்கி, 50 மில்லியன் வெள்ளி திரட்டச் சொன்னார்கள். தேறியது 28 மில்லியன். மீதிக்கு ஜப்பானிய வங்கியிலேயே கடன். அவர் ஜப்பானியருக்குத் துணைபோனார் என்று தீர்ப்புச் சொல்லும் முன், எழுபதைக் கடந்த அந்த மனிதர் துப்பாக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்ததை நினையுங்கள்.

6. பதவி வந்தாலும் வாரத்தில் ஒரு பொழுதாவது கிளினிக்கில் இருங்கள். மக்கள் சந்திப்புக்கு மனுவோடு வருவார்கள். கிளினிக்கில்தான் சட்டையைக் கழற்றிக் காட்டுவார்கள்.