மாத்திரையை மறைக்காதே, கண்ணு

கோபிச்செட்டிபாளையம்
வெள்ளிக்கிழமை

அன்புக் கண்ணுவுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று உன் அம்மா போனில் பேசினாள். பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, போன வாரம் நீ காய்ச்சலோடு இரண்டு நாள் ஆபீஸ் போனாயாம், பாராசிட்டமால் போட்டுச் சமாளித்தாயாம். இன்னொன்று, சம்பந்தம் பேசப் பொள்ளாச்சிக்காரர்கள் வந்த அன்று மாப்பிள்ளையின் அக்கா டிவி மேசை மேல் இருந்த அட்டையைப் பார்த்து "இது என்ன மாத்திரை?" என்று கேட்டதற்கு, "சத்து மாத்திரை" என்று உன் அம்மா சொன்னாளாம். நீயும் பக்கத்திலேயே நின்றாயாம். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் காய்ச்சலைச் சொல்லிவிடுகிறேன். நீ சாப்பிடுகிற அசாதயோபிரின் எனக்குப் பழகின மாத்திரை. நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கிட்னி மாற்றினவர்கள் கையில்தான் பார்த்தேன். வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் கிட்னி மாற்றத் தொடங்கிய நாளிலிருந்து, வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்ட மருந்து அது. அதைக் கண்டுபிடித்த ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாளுக்கும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் 1988-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உன் உடம்பில் காவலுக்கு இருக்கிறவனே வீட்டுக்காரனை அடிக்கிறான், அதனால்தான் பெருங்குடல் புண்ணாகி ரத்தம் போனது. இந்த மாத்திரை அந்தக் காவல்காரன் கையைக் கட்டிவைக்கிறது. புண் ஆறுவது அதனால்தான். ஆனால் கையைக் கட்டின பிறகு வெளியிலிருந்து திருடன் வந்தாலும் அவன் சட்டென்று எழுந்திருக்க மாட்டான். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாகிற காய்ச்சல் உனக்கு நிமோனியாவாகத் திரும்பலாம்.

ஆகவே தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போக வேண்டும். பாராசிட்டமால் போடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, டாக்டருக்குச் சொன்ன பிறகு போடு. மாத்திரையால் சூடு இறங்கியிருப்பதைக் காய்ச்சல் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவது உனக்கு ஆகாது. ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. ஆரம்பத்தில் வாரா வாரம் பார்ப்பார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. வெள்ளணு 4,000-க்குக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருக்காதே. ஈரல் பரிசோதனையும் அதோடு சேர்ந்ததுதான். இன்னொன்று, இது நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம்: இந்த மாத்திரையை உடைத்து வெளியேற்றுகிற சக்தி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆசியாவில் அப்படிப்பட்டவர்கள் அதிகம். அவர்களுக்கு வெள்ளணு திடுமென்று சரியும், அதற்கு முன்னோடியாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். கல்யாணப் பெண் ஆயிற்றே என்று உன் அம்மா கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுவாள். நீ நேராக லேபுக்குப் போய் ரத்தம் கொடு.

இதெல்லாம் உனக்கு டாக்டரும் சொல்லியிருப்பார். அவர் சொல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெரியத்தை கதை உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது உன் அப்பா சொன்ன கதை. "அவளுக்கு விதி, வயிற்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவான். நான் கூட இருந்தவள், நான் சொல்கிறேன்.

அவளுக்கும் உனக்கு வந்த அதே நோய்தான். சல்ஃபாசலசினும் பிரெட்னிசலோனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தம் பேசினபோது எங்கள் அப்பா, உன் அப்பாரு, ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஒருத்தர் வாயிலிருந்தும் வரக்கூடாது." சீர் குறையாமல் செய்தார், நகை குறையாமல் போட்டார், நோயை மட்டும் சொல்லவில்லை. அவள் மாத்திரைகளைக் குட்டிக்குரா பவுடர் டப்பாவில் போட்டு, மேலே பஞ்சை அமுக்கி, அதன் மேல் கொஞ்சம் பவுடரையும் தூவி எடுத்துக்கொண்டு போனாள். தோட்டத்து வீடு. கக்கூஸ் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம். விடியற்காலையில் நாலைந்து தடவை ஓட வேண்டியிருக்கும். மாமியார் கேட்டால் "சூடு பிடித்துக்கொண்டது" என்பாள். எத்தனை நாளைக்குச் சூட்டின் மேலேயே பழி போட முடியும்?

மாரியம்மன் நோம்பி வந்தது. வீடு நிறைய ஒரம்பறை. அவள் அறையில் நாத்தனார்களும் குழந்தைகளும் படுத்திருந்தார்கள். டப்பாவைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மாத்திரை தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொல்ல ஒரு ஆள் இல்லை. யாரிடம் என்னவென்று சொல்லி அனுப்புவாள்? பிரெட்னிசலோனைப் பல மாதம் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது, கண்ணு. வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். படிப்படியாகக் குறைத்தால்தான் மறுபடியும் சுரக்கப் பழகும். அவளுக்கு பிரஷர் இறங்கி மயக்கம் வந்தது, குடலும் சேர்ந்து கிளம்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிடுகிறார்கள்?" அவள் வீட்டுக்காரர் சொன்ன பதில், "ஒன்றுமில்லைங்க, ஏதோ சத்து மாத்திரை."

உன் அம்மா சொன்ன அதே வார்த்தை. கேட்டதும் எனக்குக் கை கால் ஆடிப்போனது.

பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். நீ பார்த்த பெரியத்தை அதற்குப் பிறகானவள். எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். வார்டு வராந்தாவில் அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரூமை ஒட்டியே ஒரு கக்கூஸ் கட்டியிருப்போமே, சாமி." அந்த அம்மாளைக் கெட்டவள் என்று நினைத்துத்தான் நம் வீட்டில் மறைத்தார்கள். அப்பாரு மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து, அவர் மகனும் மருமகளும் அதே வேலையைச் செய்கிறார்கள்.

சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ படித்த பெண், சம்பாதிக்கிற பெண். நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் போனால் எப்படி நடமாடுவாய் என்று யோசித்துப் பார்.

உனக்கு அம்மை போட்டதே இல்லை. உன் அண்ணனுக்குப் போட்டபோது உன்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, இனி அம்மைத் தடுப்பூசி போட முடியாது. அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தது. எம்.எம்.ஆரும் அப்படித்தான். மாப்பிள்ளையின் அக்கா குழந்தைகள் இரண்டும் சின்னது. நாளைக்கு ஒன்றுக்கு அம்மை போட்டால் புது மருமகள் நீதானே வேப்பிலை அரைத்துப் பூசிவிட வேண்டும்? உன்னை அந்த அறை வாசலிலேயே நிறுத்த அங்கே யாருக்குத் தெரியும்? தெரியாமல் கிட்டப் போய்விட்டாலும் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் ஓடு. கொப்புளம் வருவதற்கு முன்னால் கொடுக்கிற மருந்து உண்டு, நாள் தள்ளினால் பிரயோஜனமில்லை.

மாப்பிள்ளையின் அப்பா அன்று உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தாராம். உன் அம்மா "நூற்பாலையில் இருந்தவர், தூசி" என்கிறாள். இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளி பரிசோதனை செய்வது எல்லாருக்கும் பொதுவான விதி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். உலகத்திலேயே காசநோயாளிகள் அதிகம் இருப்பது நம் நாட்டில். உன்னைப் போன்றவர்களுக்கு அது சுலபமாகத் தொற்றும். உன் நோய் தெரிந்த மாமனார் தானே போய்ப் பார்த்துக்கொண்டு வருவார். தெரியாதவரிடம் புது மருமகள் "சளி கொடுத்துட்டு வாங்க மாமா" என்று சொல்ல முடியுமா?

குழந்தை விஷயத்தில்தான் உன் அம்மாவுக்குப் பயம். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நிறுத்தாதே. அசாதயோபிரினைக் கர்ப்பத்திலும் டாக்டர்கள் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். மாத்திரையைவிட, நோய் கிளம்பினால் குழந்தைக்கு ஆகிற கேடு பெரிது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் அறவே கூடாது, அது உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பின்னால் ஒருவேளை இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் மாதிரி ஊசிக்கு மாற்றினால், முதலில் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். அந்த ஊசியோடு பிள்ளை பெற்றால், பிறந்த கையோடு போடுகிற பி.சி.ஜி.யைத் தள்ளிப்போட வேண்டும். மருந்து குழந்தை ரத்தத்திலும் இருக்கும், பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. நீ பிரசவ மயக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லித் தடுக்க வேண்டியவன் உன் வீட்டுக்காரன். அவனுக்குத் தெரியாவிட்டால் யார் சொல்வார்?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைடிஸ் பி இவை உயிரில்லாதவை, போட்டுக்கொள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான எச்.பி.வி. ஊசியை உன் நிலையில் மூன்று தடவை போட வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடு. மாதவிலக்கு வலிக்கு டைக்ளோபெனாக், புரூஃபென் வேண்டாம், குடலைக் கிளப்பிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதே, அதனாலேயே வருகிற பேதி ஒன்று உண்டு, பார்த்தால் உன் பழைய நோய் மாதிரியே இருக்கும். வண்டியில் போகும்போது முழுக்கை போட்டுக்கொள், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தோலுக்கு வெயில் ஆகாது. வெளியில் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட சர்பத், ஆஃபாயில், பச்சைச் சட்னி எல்லாம் விடு. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுப்பார்கள், பால் காய்ச்சினதா என்று நானே அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உன் சித்தப்பா எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் பொடியும் அமுக்கரா லேகியமும் அனுப்பியிருக்கிறாராம். அன்போடு அனுப்பியிருக்கிறார், சண்டை போடாதே. ஆனால் வாயில் வைக்காதே. நீ காசு கொடுத்து அடக்குகிற சக்தியைக் கூட்டுவதற்காக விற்கிற பொடியை நீயே எப்படிச் சாப்பிடுவாய்? கொரோனா சமயத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். உன் ஈரல் ஏற்கெனவே ஒரு மாத்திரையைச் சுமக்கிறது.

நான் சொல்வதைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று உன் அம்மா கேட்பாள். பின்வாங்கட்டும். பின்வாங்குகிற வீட்டில் உன்னை விட்டுவிட்டு நான் கோபியில் நிம்மதியாக உட்கார முடியாது. அந்தப் பையன் பேசின வரைக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது. அவனிடம் முதலில் நீயே தனியாகச் சொல். பெரியவர்களிடம் நான் பேசுகிறேன். உன் அப்பாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன், தங்கச்சி பேச்சுக்கு அவன் எப்போதும் அடங்குவான்.

ரொம்ப அதட்டிவிட்டேனா? கோபித்துக்கொள்ளாதே, தங்கம். போன வருஷம் அந்தப் பாழாய்ப்போன வலியோடு பரீட்சை எழுதி, வேலையும் வாங்கி, தனியாகச் சென்னையில் ரூம் எடுத்து இருக்கிறாய். நம் வீட்டில் உன் அளவுக்குத் தைரியசாலி யாரும் பிறக்கவில்லை. பிரெட்னிசலோனால் முகம் வீங்கினதை நினைத்து அழாதே, குறைத்துவிட்டார்கள் அல்லவா, வடிந்துவிடும். வடியாவிட்டாலும் நீதான் எனக்கு அழகு. அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு ஆள் வருகிறார், கச்சாயமும் வீட்டு நெய்யும் புது டிஜிட்டல் தெர்மாமீட்டரும் கொடுத்தனுப்புகிறேன். நெய் எத்தனை வேண்டுமானாலும் அனுப்புவேன், தீர்ந்தால் சொல். பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகலாம் என்றாயே, என் செலவு. பட்டியல் கொடுத்திருக்கிறேன் என்று பயப்படாதே, உனக்கு எது முடியுமோ அதைச் செய், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் பேசிவிட்டு எனக்குப் போன் போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

உன்
சின்னத்தை