வலிப்பு நோய்க்கு நேரில் போவதா, தொலைபேசியில் பேசுவதா?

வலிப்பு நோயை இனங்காண்பதில் மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது, பார்த்தவர் சொல்லும் விவரம்தான். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். மருத்துவரின் அறையில் வருவது அரிது. நினைவு தப்பியவருக்கு நடந்தது தெரியாது. இடைப்பட்ட நாளில் எடுக்கும் இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதனால் துணையின்றி நேரில் வருபவரைவிட, வலிப்பைப் பார்த்த மனைவியையோ அண்ணனையோ அருகில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பேசுபவரிடம் சில சமயம் கூடுதல் செய்தி கிடைக்கும். வலிப்பைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் நல்லது.

முதல் வலிப்புக்கு இது பொருந்தாது. கைகால் வெட்டி விழுந்தது வலிப்பாலா, இதயத் துடிப்புக் கோளாறாலா என்று பிரித்தறிய இ.சி.ஜி. வேண்டும். கண்ணின் உட்புறத்தையும், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்திருக்கிறதா என்பதையும், குழந்தையின் தோலில் வெளிறிய திட்டுகள் உண்டா என்பதையும் பார்த்தே சொல்ல முடியும். இந்தியாவில் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் உண்டாகும் நீர்க்கட்டிகளும் காசநோய்க் கட்டிகளும் வலிப்புக்கு முக்கியக் காரணங்கள் என்பதால் ஸ்கேனும் தேவைப்படும்.

மாத்திரையில் வலிப்பு அடங்கியிருப்பவரின் நிலை வேறு. அவர் வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். இருவரின் கூலியும் போகும். இரவுப் பேருந்தில் தூக்கம் கெட்டு, விடியற்காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, காலை மாத்திரையையும் தவறவிட்டால், மருத்துவமனைக்குப் போன பயணமே வலிப்பைத் தூண்டிவிடலாம். இத்தகையவரின் வழக்கமான தொடர் ஆலோசனைக்குத் தொலைபேசியே மேல். 2020 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, அதே நோய்க்கு அதே மருத்துவரை ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருப்பவருக்கே அது தொடர் ஆலோசனையாகக் கொள்ளப்படும். ஆகவே தொலைபேசிக்கு மாறியவரும் இடையிடையே நேரில் போய்வர வேண்டியிருக்கும்.

எந்த மருந்து என்பதும் முடிவை மாற்றும். பெனிட்டாயின் அளவைச் சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் அது வெகுவாக ஏறிவிடலாம். தள்ளாட்டம், கண் துடிப்பு, ஈறு வீக்கம் எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. கார்பமசெப்பின், லாமோட்ரிஜின் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே நேரில் காட்ட வேண்டும். லெவிடிரசிட்டாம் சிலருக்குக் கடும் சிடுசிடுப்பைத் தரும். அதை நோயாளியைவிட வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள், தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். வால்புரோயேட் எடுக்கும் பெண் கருவுற எண்ணினால், முன்கூட்டியே நேரில் விரிவாகப் பேசுவது நல்லது; ஏற்கெனவே கருவுற்றிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரு நிலையிலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

தொலைபேசிக்கு ஒரு பெரிய குறை உண்டு: வீட்டில் தனிமை கிடைப்பதில்லை. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் மாமியார் வீட்டு அச்சம் நீங்கவில்லை. ஸ்பீக்கரில் பேசும் பெண் மனச்சோர்வையோ கருத்தடையையோ பற்றி வாய் திறக்கமாட்டாள். அவளுக்குத் தொலைவானாலும் மருத்துவரின் அறையே ஏற்றது.

தொலைபேசியில் பேசுமுன் வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம், மாத்திரை தவறிய வேளைகள் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும். குழந்தைக்குச் சிரப் என்றால், எத்தனை மில்லி என்பதோடு பாட்டிலில் அச்சிட்ட மில்லிகிராம் அளவையும் படித்துச் சொல்ல வேண்டும். குழந்தையின் அண்மைய எடையும் தேவை.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ ஆலோசனை நேரத்துக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.