செயல்விளக்கம் முடிந்த பிறகு

அன்புள்ள மகளுக்கு,

ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரியில் நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்டாய், 'ராவே' என்ற கிராமத் தங்கல் பயிற்சிக்குக் கிளம்பப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். உன்னோடு கிளம்பும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

உன் பட்டத்தின் பெயரில் 'ஆனர்ஸ்' என்று இருக்கிறது. 1965-இல் அந்தக் கல்லூரி தொடங்கிய காலத்தில் அது கிடையாது, பி.எஸ்சி. விவசாயம் என்றுதான் சொல்வோம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ஐந்தாவது டீன்கள் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த பெயர் இது. முன்பெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் என்றால் ஒரே பாடத்தில் ஆழ இறங்குவது. விஞ்ஞானி சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து 1930-இல் வெளியே வந்தவர். உன் படிப்பிலோ மண், விதை, பூச்சி, நோய், பொருளாதாரம் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அப்படியானால் ஆழம் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால், ஊரில் போய்த் தங்கும் அந்த நாட்களில்தான். அதைத்தான் பலரும் போட்டோவுக்கும் பேனருக்குமாகக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

கோயில் முன்னால் கலர்ப்பொடியில் ஊர் வரைபடம் போடுவீர்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி காட்டுவீர்கள். மண் மாதிரி எடுக்க 'வி' வடிவில் வெட்டிக் காட்டுவீர்கள். எல்லாம் தேவைதான். மறுநாள் பேப்பரில் செய்தி வரும். அதன் பிறகு அந்த வயலில் என்ன நடந்தது என்று பார்க்க யார் போகிறார்கள்?

நான் போகவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் நெல் விதைத் தேர்வு செய்து காட்டினேன். நீயும் படித்திருப்பாய். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது அடியில் கிடக்கும்போதே கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். முட்டை எழும்பி, அதன் மண்டை நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். விதையைக் கொட்டினால் பதரும் அரைநெல்லும் மிதக்கும், கனத்த நெல் அடியில் தங்கும். முட்டை எழும்பியதும் கூட்டம் 'அட!' என்றது. அந்த நேரம் பார்த்துப் படம் பிடிப்பவர் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும் என்பதை அந்தச் சந்தடியில்தான் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் கும்பிட்டார். விதையை அலசாமல் அப்படியே சாக்கில் கட்டி முளைக்கப் போட்டிருக்கிறார். நாற்றங்கால் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. பக்கத்து வயல்காரரிடம் நாற்று வாங்கி நட்டிருக்கிறார். "நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீக சார், நான் கடைசில நின்னேன், காதுல விழல" என்றார். என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. தற்செயலாக அவரைப் பார்த்திராவிட்டால் எனக்கு அது தெரியவே தெரிந்திருக்காது. பத்தாம் நாள் ஒரு நடை போயிருந்தால், மறுவிதைப்புக்காவது வழி செய்திருப்பேன்.

இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே பண்ணையில் செய்யும் சோதனைகள் மானாவாரிச் சம்சாரிக்கு உதவவில்லை என்று கண்டுதான் அந்த வேலையை விட்டார். அவர் பிற்பாடு சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் பண்ணைக்கு வெளியே என்ன ஆகிறது என்று பார்த்த அந்தக் கண் உனக்கு வேண்டும்.

போகிற ஊரின் தண்ணீரை முதலில் தெரிந்துகொள். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில் தண்ணீர் குறைந்தால் அதற்கும் சந்தேகம். கள்ளந்திரிக்கு மேலே சொன்ன யோசனையைக் கீழே அப்படியே சொல்லாதே. உழுகிறவர் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்று கேள். குத்தகைக்காரரிடம் மூன்று வருஷத்தில் மண் வளம் கூடும் என்று சொன்னால் அவருக்கு அது எதற்கு? நடவு போடும் அக்காமார்களிடம் தனியாக உட்கார்ந்து பேசு. எந்த நாற்று பிடுங்கும்போது அறுபடுகிறது என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஆண்கள்தான் முன்னால் வந்து உட்காருவார்கள்.

டாக்டர் படிப்பு கிடைக்காமல் இங்கே வந்தாய் என்றும் அப்பா சொன்னார். அந்த ஏக்கத்தோடு ஊருக்குள் போகாதே, மகளே. நீ சொல்வதைக் கேட்டு ஒருவர் தன் வருஷத்து விதையைத் தண்ணீரில் போடப் போகிறார்.

ஒரே ஒரு வயலையாவது உன் பொறுப்பாக எடுத்துக்கொள். அந்த வீட்டு போன் நம்பரை நோட்டில் குறித்துக்கொள். பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பினாலும், விதை பாவிய பத்தாம் நாள் ஒத்தக்கடையில் மேலூர் பஸ் ஏறி அந்த நாற்றங்காலைப் போய்ப் பார்.

அன்புடன்,
உன் அப்பாவின் நண்பன்