கங்கை ஓங்கிலும் ஆற்றின் ஆழமும்

ஓர் ஆறு நலமுடன் இருக்கிறதா என்பதை அறிய அதன் நீரைக் குப்பியில் எடுத்துச் சோதிப்பது ஒரு வழி. அவ்வாற்றில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பிராணிகள் இன்றும் அங்கே உள்ளனவா, எந்தெந்த இடங்களில் எத்தனை உள்ளன என்று கணக்கிடுவது மற்றொரு வழி. முன்னது நீரின் தூய்மையைக் காட்டும். பின்னது தூய்மையுடன் நீரின் அளவு, ஆழம், தொடர்ச்சி ஆகியவற்றையும் காட்டும். கங்கை, பிரம்மபுத்திரா நதிகளிலும் அவற்றின் துணையாறுகளிலும் இத்தகைய அளவுகோலாக விளங்குவது கங்கை ஓங்கில் என்னும் நன்னீர்ப் பாலூட்டியாகும்.

பிராணியின் இயல்பு

டால்பின் என்று பொதுவாக வழங்கப்பெறும் இனத்தைத் தமிழகக் கடற்கரை மக்கள் ஓங்கில் என்பர். கடல் ஓங்கில்களைப் போலன்றி, கங்கை ஓங்கில் நன்னீரிலேயே பிறந்து, தன் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கிறது. விஞ்ஞானிகள் இதற்கு இட்டுள்ள பெயர் பிளாட்டனிஸ்டா கஞ்செட்டிகா என்பது. 1801-ஆம் ஆண்டில் வில்லியம் ராக்ஸ்பர்க் இதனை விஞ்ஞான முறையில் விவரித்தார். அசோகச் சக்கரவர்த்தியின் ஐந்தாம் தூண் சாசனத்தில், கொல்லலாகாத உயிர்களின் வரிசையில் கூறப்படும் கங்கைப் பிராணி ஒன்று இதுவே என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இதன் கண்ணில் வில்லை இல்லை. ஆதலால் ஒளியின் இருப்பை உணருமேயன்றி உருவங்களைத் தெளிவாகக் காண இயலாது. வண்டல் நிறைந்த கலங்கல் நீரில் கண்ணால் பெரும் பயனும் இல்லை. இப்பிராணி தொடர்ந்து சிற்றொலிகளை எழுப்பி, அவை மீன்களின் மீதும் கரையின் மீதும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு வழியையும் இரையையும் அறிகிறது. நுரையீரலால் சுவாசிப்பதால், மூச்சு விடுவதற்கு அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்தே தீரவேண்டும். எனினும் ஒவ்வொரு முறையும் அது வெளியே தெரிவது ஏறத்தாழ ஒரு விநாடி நேரமே. பெண் ஆணைவிடப் பெரியது. ஓர் ஈற்றில் ஒரு குட்டியையே ஈனும். ஆகவே ஒருமுறை எண்ணிக்கை குறைந்துவிடின், அது மீண்டும் பெருகுவதற்கு நீண்ட காலம் வேண்டும்.

கோடையே சோதனைக் காலம்

மழைக்காலத்தில் ஆறு கரை ததும்ப ஓடுகையில் ஓங்கில்கள் துணையாறுகளிலும் பரவிச் செல்கின்றன. மழை நின்று நீர் வற்றத் தொடங்கியதும் ஆழமான மடுக்களுக்குத் திரும்புகின்றன. இரு ஆறுகள் கூடும் இடம், ஆறு வளைந்து திரும்பும் இடம், மணல்திட்டின் கீழ்ப்புறம் ஆகியன இவற்றுக்கு உகந்தவை. அங்கே நீரோட்டம் தணிந்து சுழிகள் உண்டாகின்றன, மீன்களும் திரள்கின்றன. கோடையில் மடுக்கள் எத்தனை எஞ்சியுள்ளனவோ, அவையே ஓங்கில்களின் எல்லையை வகுக்கின்றன.

யமுனை நதி இதற்கு எடுத்துக்காட்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன், தில்லி வரையில் யமுனையில் இப்பிராணி காணப்பட்டதை எழுதிவைத்தார். இன்று கோடையில், சம்பல் நதி வந்து கலக்கும் இடத்திற்கு மேலே யமுனையில் இது காணப்படுவதில்லை. மேல் யமுனையின் நீரில் பெரும்பகுதி கால்வாய்களுக்குத் திருப்பப்படுகிறது. எஞ்சியதில் கழிவுநீர் மிகுதி. சம்பல் கொண்டுவரும் நீர் சேர்ந்த பின்னரே ஆற்றுக்கு மீண்டும் ஆழமும், ஓங்கில்களுக்கு வாழிடமும் கிடைக்கின்றன.

நீரின் தொடர்ச்சி அறுபடுவதும் கேடு விளைப்பதே. நரோரா, பிஜ்னோர், ஃபராக்கா ஆகிய இடங்களில் கங்கையின் குறுக்கே கதவணைகள் உள்ளன. இவற்றுள் ஃபராக்கா 1975-இல் இயங்கத் தொடங்கியது. கதவணைகளுக்கு இடைப்பட்ட ஓங்கில்கள் சிறு கூட்டங்களாகத் தனித்துவிடுகின்றன. சிறு கூட்டம் ஒன்று ஒரு கோடையின் வறட்சியிலோ சில விபத்துகளிலோ அழிந்துவிடுமாயின், வேறு கூட்டம் வந்து அவ்விடத்தை நிரப்புதல் அரிது.

எண்ணும் முறை

ஒரு விநாடி மட்டுமே தோன்றும் பிராணியை எவ்வாறு எண்ணுவது? படகில் செல்வோர் கண்டவற்றை மட்டும் கூட்டினால், காணாதவை விடுபட்டுப்போகும். ஆதலின் இரு குழுக்கள் ஒரே ஆற்றுப் பகுதியை ஒன்றுக்கொன்று தகவல் கூறாமல் தனித்தனியே கண்காணிக்கின்றன. இதன் கணக்கைப் பள்ளியிலும் விளக்கலாம்.

உதாரணமாக, முதற் குழு 40 ஓங்கில்களையும் இரண்டாம் குழு 30 ஓங்கில்களையும் கண்டன. இருவரும் கண்டவை 24 எனக் கொள்வோம். இரண்டாம் குழு கண்ட 30-இல் 24-ஐ முதற் குழுவும் கண்டிருக்கிறது. ஆகவே முதற் குழுவின் பார்வையில் படுவது நூற்றுக்கு 80. அக்குழு கண்ட 40 என்பது மொத்தத்தில் நூற்றுக்கு 80 ஆனால், மொத்தம் 50 ஆகும். இரு குழுக்களும் சேர்ந்து கண்டவை 46. எனவே 4 ஓங்கில்கள் இருவர் பார்வைக்கும் தப்பின எனக் கணக்கிடுகிறோம். நீருக்குள் இருக்கும்போது அவை எழுப்பும் ஒலியைக் கருவிகளால் பதிவு செய்தும் இக்கணக்கு சரிபார்க்கப்படுகிறது.

2020-இல் ஓங்கில் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் டேராடூனிலுள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் 2021 முதல் 2023 வரை 8 மாநிலங்களில் 58 ஆறுகளை ஆராய்ந்தது. 8,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழிகளில் இப்பணி நடைபெற்றது. 2025 மார்ச்சில் வெளியான முடிவின்படி ஆற்று ஓங்கில்களின் மதிப்பீடு 6,327. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635 எனக் கணக்கிடப்பட்டன. மொத்தத்தில் 3 மட்டும் பஞ்சாபின் பியாஸ் நதியில் வாழும் சிந்து ஓங்கில்கள்.

இந்த எண்ணை முந்திய எண்களோடு ஒப்பிட்டு, இனம் பெருகியது என்றோ குறைந்தது என்றோ கூறுதல் பொருந்தாது. முந்திய கணக்குகள் ஆற்றின் சிற்சில பகுதிகளில், வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு முறைகளில் எடுக்கப்பட்டவை. இதே முறையில் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தால்தான் போக்கு புலனாகும்.

சட்டமும் அதன் எல்லையும்

1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் கங்கை ஓங்கிலை முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. 1991-இல் பீகாரில், சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான கங்கைப் பகுதி விக்ரமசிலா ஓங்கில் சரணாலயமாயிற்று. 2009-இல் இது தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவிக்கப்பட்டது. ஓங்கில் எண்ணெயை மீன்களைக் கவரும் பொருளாகப் பயன்படுத்தும் வழக்கம் சில பகுதிகளில் இருந்துவந்துள்ளது. அதற்காகக் கொல்லுவதைச் சட்டம் தடுக்கும். செவுள் வலையில் தற்செயலாகச் சிக்கி, மேலே வர இயலாது மூச்சடைத்து இறப்பதைச் சட்டம் மட்டும் தடுக்க இயலாது. மீனவரின் ஒத்துழைப்பு வேண்டும். கோடையில் மடு வற்றுவதைத் தடுப்பதற்கோ, ஆற்றில் போதிய நீர் விடப்பட வேண்டும்.

சீனாவின் யாங்சி நதியில் வாழ்ந்த பைஜி என்னும் ஓங்கிலும் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்ததே. 2006-இல் பன்னாட்டு விஞ்ஞானிகள் ஆறு வாரங்கள் அந்நதியில் தேடியும் ஒன்றுகூடத் தென்படவில்லை. வலைகளும் தூண்டில்களும் கப்பல் போக்குவரத்தும் வாழிடச் சீர்கேடும் ஒருங்கே அதனை அழித்தன.

களப் பணியாளர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றால், ஓங்கிலைக் கண்ட இடத்தைக் குறிப்பது மட்டும் போதாது என்பது விளங்கும். நாள், நேரம், நீரின் ஆழம், ஓட்டம், அருகிலுள்ள வலைகளின் வகை, படகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். ஓங்கில் தென்படாத மடுவின் ஆழத்தையும் அவ்வாறே குறித்தல் வேண்டும். இல்லாமைக்குரிய காரணம் அதிலிருந்தே பின்னர் தெரியவரும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே பகுதியில் பதிவு செய்வது சிறந்தது.

பாசனக் கால்வாய்களில் புகுந்த ஓங்கில்கள் நீர் குறையும்போது சிக்கிக்கொள்வதுண்டு. அத்தகைய செய்தி கிடைத்தவுடன் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மக்கள் கூட்டமாகச் சூழவோ, நீண்ட அலகைப் பிடித்து இழுக்கவோ விடலாகாது. மீட்புக் குழுவினர் வரும்வரை தோல் உலராமல் ஈரத்துணியால் போர்த்தி, தலையின் மேலுள்ள மூச்சுத்துளை மூடப்படாமலும், அதனுள் நீர் புகாமலும் காத்தல் வேண்டும்.