கூடிக் கேட்கும் உரிமை

ஊரில் பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களுடன் அலுவலகத்திற்குப் புறப்பட்டார்கள்.

"அனுமதி இல்லாமல் கூடினால் பிடித்துப் போவார்களாமே, அக்கா?" என்றாள் ஒரு பெண். எல்லோரும் தயங்கி நின்றார்கள்.

இந்தப் பயம் சரியா?

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது குடிமக்களின் உரிமை. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு இதைக் கூறுகிறது.

அகமதாபாத்தில் பொதுக்கூட்டம் நடத்த ஒருவர் அனுமதி கேட்டார். காவல்துறை மறுத்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. தெருவில் நடக்கும் கூட்டத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால் அதிகாரி தன் இஷ்டம்போல் மறுக்க முடியாது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் முன் அனுமதி பெற வேண்டும். தடை உத்தரவு இருக்கும்போது அதை மீறிக் கூடினால் வழக்கு வரலாம். முன்பு இதை '144 தடை' என்பார்கள். 2024 முதல் புதிய சட்டத்தில் இது 163-வது பிரிவு. தடை உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். காரணமும் இருக்க வேண்டும்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்.

மூத்த பெண் சொன்னாள்: "தடை உத்தரவு இருக்கிறதா என்று முதலில் கேட்போம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குவோம். வழியை மறிக்காமல் ஓரமாக நிற்போம்."

மனுவை எழுதியது யார்? முதலில் பயந்த அதே பெண். மூன்று மாதம் முன்புதான் அவள் எழுதப் பழகியிருந்தாள்.

சிந்திக்க: உங்கள் ஊரில் கூடிக் கேட்க வேண்டிய குறை எது?